குளக்கட்டு என்று நினைத்து நான் போட்ட கோடு

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்காக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் கேட்பது சுலபம். அவனுக்கு வேறு வேலை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கோ காலையில் எழுந்து தேநீர் போடுவதே இப்போது ஒரு பெரிய திட்டமாகப் படுகிறது. திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் களைத்துவிட்டது. புத்தி சொல்லிச் சொல்லி வாயும் களைத்துவிட்டது. ஆகவே புத்தி சொல்லப் போவதில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

எந்தப் படத்தை எதன்மேல் வைப்பது, எந்தக் கோட்டுக்கு என்ன நிறம் என்பதெல்லாம் உங்களுக்கு முதல் வாரத்திலேயே காட்டியிருப்பார்கள். என்னைவிட வேகமாகவும் செய்வீர்கள். நான் சொல்ல வந்தது உங்களுக்கு எரிச்சல் தருகிற அந்த ஒரு விதியைப் பற்றி. காட்டுக்குள் இரண்டு பாதைகளை இணைத்துக் கோடு போடுவதற்கு முன்னால், அந்த இடத்தில் காலால் நடந்த ஒருவரோடு தொலைபேசியில் பேச வேண்டும் என்ற விதி. 'கிழவன் விதி' என்று நீங்கள் அதற்குப் பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். பெயரில் பிழையில்லை. என்னால்தான் அது வந்தது.

நான் சேர்ந்தபோது நம்முடைய நிறுவனம் ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில் இருந்தது. முதலாளியோடு சேர்த்து ஐந்து பேர். கீழே பல்லைக் குடையும் சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். கைத்தொலைபேசிகளே தாங்கள் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளத் தொடங்கியிருந்த காலம் அது. அதுவரை வேட்டைக்குப் போகிறவர்கள் காகித வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொண்டு திரிந்தார்கள். நாங்கள் வரைபடத்தைத் தொலைபேசிக்குள் போட்டுக் கொடுத்தோம். சிக்னல் இல்லாத காட்டிலும் படம் தெரியும், அதன்மேல் நீங்கள் ஒரு நீலப் புள்ளியாக நகர்வீர்கள், பாதை ஒரு சிவப்புக் கோடாக முன்னால் ஓடும். அந்தச் சிவப்புக் கோடுகளைப் போடுவது என் வேலை.

கோடு போடுவது எனக்குப் புதிதல்ல. ஊரில், அதாவது இலங்கையில், நான் அரசாங்கப் படவரைஞராக இருந்தவன். வன்னியில் குளங்களை அளந்துவந்து கொடுப்பார்கள், நான் வரைவேன். குளம், அதன் கட்டு, மதகு, வாய்க்கால். கனடாவுக்கு வந்து பெட்டி அடுக்கி, பேக்கரியில் பாண் சுட்டு, பல வருடங்களுக்குப் பிறகு மறுபடியும் ஒரு வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்கு விளங்காது. விளங்காமலே இருக்கட்டும். ஆனால் அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு மாசி மாதத்தில், ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே மூன்று மணி நேரம் ஓடினால் வருகிற ஒரு காட்டுப் பகுதியை வரைந்துகொண்டிருந்தேன். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் நீளமான ஒரு நீர்நிலை. கிழக்குக் கரையில் ஒரு பாதை வந்து முடிகிறது. மேற்குக் கரையில் இன்னொரு பாதை தொடங்குகிறது. நீர்நிலையின் ஒடுங்கிய முனையில், கரைக்குக் கரை, அழகாக வளைந்த ஒரு அணை. பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. இதுகூடத் தெரியாதா? குளக்கட்டு! எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு ஒரு பக்கம் வளைந்த கட்டு இருந்தால், அதற்கு மேலால்தான் ஊர் நடக்கும். பள்ளிப் பிள்ளைகள் போவார்கள், சைக்கிள் போகும், நெல் மூட்டையோடு உழவு இயந்திரம் போகும். நான் இரண்டு பாதைகளையும் அந்த அணைமேல் இணைத்துச் சிவப்புக் கோடு போட்டேன். வேட்டைக்காரர்களுக்கு நீண்ட சுற்றை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு நானே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டேன்.

அது குளக்கட்டு அல்ல. மனிதர் கட்டியதே அல்ல. பீவர் என்று ஒரு பிராணி, பெரிய எலி மாதிரி, மரத்தைப் பல்லால் அரிந்து விழுத்தி, தடியும் சேறும் வைத்து ஓடையை மறித்துவிடும். கனடாவின் காசிலேயே அதன் படம் இருக்கிறது. பத்து வருடமாக அந்தக் காசைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தவன், அது கட்டுகிற அணையின்மேல் மனிதனை நடக்கவிட்டேன்.

சித்திரை போய் மே வந்தது. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே. ஊரில் சண்டை முடிந்த மாதம். உங்களில் பலர் அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பீர்கள். அம்மா அப்பா அந்த மாதம் வீட்டில் எப்படி இருந்தார்கள் என்பது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். என் அக்காவும் அத்தானும் அவர்களுடைய மகளும் கடற்கரையோரமாகச் சுருங்கிக்கொண்டே போன அந்தத் துண்டு நிலத்துக்குள் இருந்தார்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு அவர்களிடமிருந்து எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. சனி ஞாயிறுகளில் நகரத்து வீதியில் பதாகை பிடித்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை வந்து வேட்டைக்காரர்களுக்குக் கோடு போட்டேன். சண்டை முடிந்ததாக அறிவித்த வாரம், நானும் என்னைப் போன்றவர்களும் கழிப்பறைக்கும் தொலைபேசியைக் கொண்டு போனோம். யாராவது வெளியே வந்திருந்தால் எங்கிருந்தாவது அழைப்பார்கள். இலங்கை எண் தொண்ணூற்று நான்கில் தொடங்கும். அந்த இரண்டு இலக்கங்கள் திரையில் தெரிகின்றனவா என்றே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அலுவலகத்தில் இது முழுதாகத் தெரிந்தவர் ஒருவர்தான். எங்கள் அணியை நடத்தியவர், கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். எனக்கு மேலதிகாரி, ஆனாலும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். கோடு போடுவதை நான் யாரிடமும் கற்கவில்லை. தொலைபேசியில் பேசுவதை அவரிடம்தான் கற்றேன். ஆள் குறைவென்பதால் வாடிக்கையாளர் அழைப்புகளையும் நாங்களே எடுக்க வேண்டியிருந்தது. முதல் வாரமே எனக்குச் சொன்னார்: "கோவமா பேசுறவங்களுக்குப் பதில் சொல்லிட்டே இருக்காதீங்க சார். இப்ப எங்க நிக்கிறீங்கன்னு கேளுங்க. அதுலயே பாதி தெரிஞ்சுரும்."

சண்டை முடிந்த அந்த வாரத்தில் ஒரு காலை, எட்டரை மணி. முதலாளியும் மற்ற இருவரும் இன்னும் வரவில்லை. வாடிக்கையாளர் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். வயதான ஆண் குரல், ஆங்கிலம். அவர் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

"உங்களுடைய வரைபடத்தில் ஒரு சந்தேகம். நான் அந்தக் கோட்டை விட்டு இடது பக்கம் விலகிவிட்டேன் போலிருக்கிறது. திரும்பிப் போகும்போது எந்த ஓரமாக நடக்க வேண்டும்?"

குரலில் கோபமில்லை. பணிவாக, சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினார். இப்படிச் சாதாரணமாகக் கேட்கிற ஒருவரை நான் ஒரு நிமிடத்தில் அனுப்பியிருப்பேன். ஆனால் சொல்லித் தந்தபடி, "இப்போது எங்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"தண்ணீருக்கு மேற்குப் பக்கம். விழுந்து எழும்பி வந்துவிட்டேன்."

"தண்ணீரிலா?"

"கழுத்து வரைக்கும். துப்பாக்கி உள்ளே போய்விட்டது. அது போகட்டும். என்னுடைய டிரக் மற்றக் கரையில் நிற்கிறது, அரை மைல்கூட இல்லை. எந்த ஓரம் என்று மட்டும் சொல்லுங்கள், நான் போய்விடுவேன்."

அப்போதுதான் அவருடைய பற்கள் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் சொற்களை எடுத்து வைத்தது பணிவால் அல்ல. தாடை ஒத்துழைக்கவில்லை. ஒஷாவாவில் இருப்பவர், கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. விடியற்காலையில் வான்கோழி வேட்டைக்குத் தனியாகப் போயிருக்கிறார். தொலைபேசி நீர் புகாத பையில் இருந்ததால் தப்பியது, ஆனால் விரல் விறைத்துப் போய் எண்களை அழுத்த முடியவில்லை. நம்முடைய செயலியில் 'உதவி' என்ற பெரிய பொத்தான் இருந்ததால் அதைக் கைமுட்டியால் குத்தியிருக்கிறார். இல்லாவிட்டால் யாரையும் அழைத்திருக்க மாட்டார்.

அவருடைய தொலைபேசி காட்டிய இட இலக்கங்களைக் கேட்டு வாங்கித் திரையில் போட்டேன். படம் வந்தது. நீளமான நீர்நிலை, ஒடுங்கிய முனை, வளைந்த அணை, அதன்மேல் சிவப்புக் கோடு. யார் போட்டது என்று பார்க்க ஒரு தட்டுத் தட்டினால் போதும். நான் தட்டவில்லை. என் கோடு எனக்குத் தெரியாதா.

தொலைபேசியின் பேசும் முனையைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்து மேசையில் இருந்த அணித் தலைவியிடம் சொன்னேன்: "ஆள் தண்ணியில விழுந்து நனைஞ்சுபோய் நிக்கிறார். பொலிஸுக்கு அடியுங்கோ." அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மற்றத் தொலைபேசியை எடுத்துப் பொலிஸுக்கு அடித்து, என் திரையை எட்டிப் பார்த்து இலக்கங்களைச் சொல்லத் தொடங்கினார்.

"ஐயா, இருக்கிற இடத்திலேயே இருங்கள். உதவி வருகிறது," என்றேன்.

"உதவி எதற்கு? பாதை இருக்கிறதே. என் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, சிவப்பாக. என் கால்தான் வழுக்கியது. இந்த முறை மற்ற ஓரமாகப் போகிறேன்."

"வேண்டாம். அந்த அணை பாரம் தாங்காது."

"கோடு போட்டிருக்கிறதே," என்றார். குழந்தைக்கு விளங்கப்படுத்துவது போலச் சொன்னார். "யாரோ நடந்து பார்த்துத்தானே போட்டிருப்பார்கள்."

எங்கள் சுவரில் முதலாளி ஒரு தாளை ஒட்டியிருந்தார். வரைபடத்தில் பிழை என்று வாடிக்கையாளர் சொன்னால், 'குறித்துக்கொள்கிறோம், நன்றி' என்று மட்டும் சொல்ல வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் பிழையை ஒப்புக்கொள்ளக் கூடாது. வழக்கறிஞர் சொன்னதாம். நானும் ஒரு வருடமாக ஒழுங்காகக் குறித்துக்கொண்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இந்த வேலை போனால் திரும்பவும் பெட்டி அடுக்கத்தான் போக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் மறுமுனையில் அவர் எழும்புகிற சத்தம் கேட்டது. சப்பாத்துக்குள் தண்ணீர் சளப் சளப் என்றது.

"யாரும் நடந்து பார்க்கவில்லை," என்றேன். "அந்தக் கோட்டைப் போட்டவன் நான். அது பிழை."

சத்தம் நின்றது.

அந்த நேரத்தில்தான் மேசையில் கிடந்த என்னுடைய கைத்தொலைபேசி அதிரத் தொடங்கியது. பார்த்தேன். தொண்ணூற்று நான்கு.

யோசித்து ஒரு முடிவெடுத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு ஆசைதான். நான் யோசிக்கவில்லை. இவரைக் காத்திருப்பில் போட்டால் சங்கீதம் போகும், அதைக் கேட்டுக்கொண்டே நடக்கத் தொடங்கிவிடுவார் என்றெல்லாம் பிறகுதான் காரணம் கண்டுபிடித்தேன். பக்கத்து மேசையில் அணித் தலைவியோ பொலிஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அழைப்பைப் பார்த்துவிட்டு ஒரு கையை என் பக்கம் நீட்டினார், மறுபடியும் இழுத்துக்கொண்டார். மறுமுனையில் பொலிஸ்காரர் அவரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். என் கை தானாகப் போய் அந்தத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தது. கவிழ்ந்து கிடந்தும் அது மேசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போனது. பிறகு நின்றது.

"நீங்கள் இந்த இடத்துக்கு வந்திருக்கிறீர்களா?" என்று வேட்டைக்காரர் கேட்டார்.

"இல்லை."

"அப்படியானால் எதை வைத்துப் போட்டீர்கள்?"

"எங்கள் நாட்டில் இப்படித்தான் குளத்துக்குக் கட்டுக் கட்டுவார்கள். அதன்மேல் எல்லோரும் நடப்போம். இதுவும் அப்படி என்று நினைத்துவிட்டேன்."

 அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு சிரித்தார், அல்லது இருமினார். "பீவர் கட்டினதின்மேல் போய்," என்றார். மறுபடியும் அந்தச் சப்பாத்துச் சத்தம். நான் பயந்துபோனேன். ஆனால் அவர் உட்கார்ந்திருந்தார். "சரி, உட்கார்ந்துவிட்டேன். நீ சொல்வதை ஏன் கேட்கிறேன் என்று தெரியவில்லை."

எனக்குத் தெரியும். அதுவரை நான் பேசியது ஒரு நிறுவனத்தின் குரல். அவர் கையில் இருந்த கோடு என்னைவிடத் தெளிவாக இருந்தது. கோடு போட்டவனே கோடு பொய் என்று சொன்ன பிறகுதான் அவருக்குக் கையிலிருந்ததன்மேல் சந்தேகம் வந்தது. பணிவாக மறுத்தும், ஆயிரம் எச்சரிக்கை சொல்லியும் அதைச் செய்திருக்க முடியாது. இதில் உங்களுக்குப் பாடம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கைத்தொலைபேசி இரண்டாம் முறை அடித்தது.

நான் அணித் தலைவியைப் பார்த்தேன். அவருடைய கண் நிறைந்திருந்தது, வாய் மட்டும் பொலிஸுடன் பேசிக்கொண்டே இருந்தது. நடுவில் என்னிடம், "நடுங்குறாரான்னு கேக்கறாங்க சார்," என்றார்.

கேட்டேன். "இல்லை, நடுக்கம் நின்றுவிட்டது. இப்போது பரவாயில்லை. கொஞ்சம் தூக்கமாக இருக்கிறது," என்றார் வேட்டைக்காரர்.

எனக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அணித் தலைவி பொலிஸிடம் சொல்லிக் கேட்டுவிட்டு, முகம் மாறி, "அது நல்லதில்லையாம். தூங்க விடாதீங்க. பேசிட்டே இருங்க சார்," என்றார். அதற்குள் என் தொலைபேசி அடித்து முடிந்திருந்தது. மூன்றாம் முறை அது அடிக்கவில்லை.

பேசினேன். என்ன தெரிகிறது என்று கேட்டேன். மரம் என்றார். என்ன மரம் என்றேன். காற்றுப் படாத பக்கமாக அதன் அடிக்குப் போகச் சொன்னேன், நனைந்த மேற்சட்டையைக் கழற்றச் சொன்னேன், காய்ந்த ஊசியிலைகளை அள்ளி மடியிலும் முதுகுப் பக்கமும் வைக்கச் சொன்னேன். எல்லாம் பொலிஸ் சொல்ல, அணித் தலைவி சொல்ல, நான் சொன்னவை. தொலைபேசியில் பற்றரி முடியப் போகிறது என்றார். குரல் போனால் தேடி வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? துப்பாக்கி இல்லை, வானத்தை நோக்கிச் சுட்டுச் சத்தம் எழுப்ப முடியாது. "உங்களிடம் சத்தம் போடக்கூடியதாக என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

வான்கோழியை வரவழைக்க, பெட்டைக் கோழி மாதிரிக் கூப்பிடும் ஒரு சின்ன ரப்பர்த் துண்டு இருக்கிறதாம். நாக்குக்கு மேல் வைத்து ஊத வேண்டும். அதை வாயில் போட்டு ஊதிக்கொண்டே இருங்கள், நிறுத்த வேண்டாம் என்றேன்.

"வேறு எவனாவது வேட்டைக்காரன் என்னைச் சுட்டுவிடுவான்," என்றார்.

"சுடுவார்களா?"

"சுடக் கூடாது. இந்தப் பருவத்தில் சேவல் மட்டும்தான்," என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்ன வசனம். பிறகு அந்தக் கோழிச் சத்தம் நாலைந்து முறை கேட்டது. பிறகு பற்றரி போய்விட்டது.

ஒன்றுமில்லாத தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு என்னுடையதை எடுத்து அந்த எண்ணுக்குத் திருப்பி அடித்தேன். ஒரு ஆண் எடுத்தார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். அக்காவின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் பின்னால் நிறையச் சனம் பேசுகிற இரைச்சல் கேட்டது. வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், அடித்தேன். அடுத்த நாள் அந்த எண் இயங்கவே இல்லை.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு பொலிஸிலிருந்து அழைத்தார்கள். கிடைத்துவிட்டார். கரையை ஒட்டிப் படகில் போனவர்களுக்கு ஒரு பெட்டை வான்கோழி விடாமல் கூப்பிடுவது கேட்டதாம். மரத்தடியில் போய்ப் பார்த்தால் ஒரு மனிதர். அணித் தலைவி கை இரண்டாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. என் திரைக்குத் திரும்பி அந்தச் சிவப்புக் கோட்டை அழித்தேன். அதற்கு நாலு விநாடிதான் எடுத்தது.

முதலாளிக்கு நானே சொன்னேன். சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். வேலை போகவில்லை. அந்த மாதமே விதி வந்தது. நடந்தவரோடு பேசாமல் இணைப்புக் கோடு இல்லை. இன்றைக்கு நீங்கள் முனகிக்கொண்டு செய்கிற அந்த அழைப்புக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்த மாசி மாதத்தில் அந்தப் பகுதியிலுள்ள ஒரு கடைக்காரரையாவது கூப்பிட்டு, "அந்தக் கட்டின்மேல் நடக்கலாமா?" என்று கேட்டிருந்தால், அவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நான் கோடு போட்டிருக்க மாட்டேன். வேட்டைக்காரர் தண்ணீரில் விழுந்திருக்க மாட்டார். எட்டரை மணிக்கு என் மேசையில் ஒரு தொலைபேசி மட்டுமே அடித்திருக்கும். நெருக்கடி வந்த நேரத்தில் நான் சரியாக நடந்துகொண்டேன் என்று எல்லோரும் சொல்வார்கள். நெருக்கடியைக் கொண்டுவந்தவனே நான்தான் என்பதை ஒருவரும் சொல்வதில்லை.

பதினொரு நாள் கழித்து, வவுனியாவில் இருந்த ஒரு சொந்தக்காரர் முகாம் பட்டியல் ஒன்றில் அக்காவின் பெயரையும் மகளின் பெயரையும் கண்டார். அத்தானின் பெயர் இல்லை. அந்தப் பதினொரு நாளையும் பற்றி நான் எழுதப் போவதில்லை.

மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த மனிதர் ஒஷாவாவிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். புகையில் வாட்டிய வான்கோழி இறைச்சி ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர். அவரை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கவிழ்ந்து கிடந்து நகர்ந்த தொலைபேசிதான் தெரிந்தது. அது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இறைச்சியை மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

சில வருடங்களுக்குப் பிறகு அக்காவும் மகளும் கனடா வந்து சேர்ந்தார்கள். வந்த புதிதில் அக்கா ஒருமுறை கேட்டார், முகாமிலிருந்து அடித்தபோது ஏன் எடுக்கவில்லை என்று. தொலைபேசி அன்றைக்கு வேலை செய்யவில்லை என்று சொன்னேன். அவர் அதை நம்பினார். நம்பியது போலத்தான் இருந்தது.

போன வருடம், நீங்கள் சேர்வதற்கு முன்னால், அலுவலகத்தில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அணித் தலைவி எழும்பி இந்தக் கதையைச் சொன்னார். கோழிச் சத்தம், படகு, சுவரில் ஒட்டிய தாள். தொலைபேசியை நான் கவிழ்த்து வைத்ததையும் சொன்னார், பெருமையாக. இலங்கையிலிருந்து அழைப்பு வந்தும் சார் அசையவில்லை என்று. அந்த அழைப்பு யாருடையது என்பதை நான் அவருக்குச் சொன்னதே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். கையில் றோல்ஸ் பலகாரம் வைத்த தட்டோடு இருந்தார். அவரும் தட்டை மடியில் வைத்துவிட்டுக் கைதட்டினார்.

காரில் பாதி வழி வந்திருப்போம். அக்கா கேட்டார்.

"தம்பி, அண்டைக்குப் போன் வேலை செய்யேல்லை எண்டு சொன்னனீ."

"பொய் சொன்னனான் அக்கா."

"எத்தினை தரம் அடிச்சது?"

"ரண்டு."

"ஓம். ரண்டு தரந்தான் அடிச்சனான். ஒரு தாதிப் பிள்ளை ஆரிட்டையோ வாங்கித் தந்த போன். அதுக்குமேல கேக்க ஏலாது, பின்னால சனம் வரிசையில நிண்டது." கொஞ்சம் பொறுத்து, "அந்த மனிசன் பிறகும் சுகமா இருந்தவரோ?" என்று கேட்டார்.

"ஓம். ஒவ்வொரு நத்தாருக்கும் கிறிஸ்மஸ் கார்ட் அனுப்புவார்."

அக்கா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அத்தான் போனதை அதுவரைக்கும் நான் வாயால சொல்லேல்லை. முதல்ல உனக்குத்தான் சொல்லவேணும் எண்டு வச்சிருந்தனான். நீ எடுக்கேல்லை. போனைத் திருப்பிக் குடுத்துட்டு, பின்னால நிண்ட மனிசியிட்டச் சொன்னன். ஆரெண்டே தெரியாது அவவை."

என்னால் காரை ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பேச விடவில்லை.

"இல்லையடா. அவ என்ர ரண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. விடியும் மட்டும் விடேல்லை. நீ எடுத்திருந்தா, ஒரு நிமிசம் உன்ர குரலைக் கேட்டிருப்பன். பிறகு ஆர் என்னைப் பிடிச்சிருப்பினம்?"

உண்மையைச் சொன்னாரா, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கிற துணிவு இன்றுவரை வரவில்லை.